பெயர் கேட்கும் பெட்டி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். இரண்டு செட் யூனிஃபார்மும் காயவில்லை. இஸ்திரி போட்டே காய வைத்து உடுத்திக்கொண்டு போனேன். நாள் முழுக்க இடுப்பில் ஈரம்.

வார்டு நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை. ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து காகிதமே கிடையாது. மருந்து, ஊசி, காய்ச்சல், மூத்திர அளவு, எல்லாம் கம்ப்யூட்டரில். இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு 27ஆம் தேதி தேர்வு. தேறாதவர்கள் சி.எஸ்.எஸ்.டி.க்கு. அதாவது பேஸ்மெண்ட். கத்தரியும் தட்டும் கழுவி ஆவியில் வேகவைக்கும் இடம். அங்கே நோயாளி முகமே பார்க்க முடியாது. இருபத்தெட்டு வருஷமாக முகம் பார்த்தே நோய் சொல்லிப் பழகியவள் நான்.

மத்தியானம் ஒத்திகை. என் முறை வந்தது. உட்கார்ந்தேன். திரையில் இரண்டு கட்டம், பெயருக்கு ஒன்று, பாஸ்வேர்டுக்கு ஒன்று. அவ்வளவுதான். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. என் பெயரின் முதல் எழுத்து 'ஆர்' எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள், இல்லை, இருமினார்களோ. எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மேட்ரன் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "ருக்மிணி சிஸ்டர், உங்களைக் கீழே அனுப்ப எனக்கு மனசில்ல. நம்ம கவுன்சிலரைப் பாருங்க. இது ஒரு ஃபோபியா, அஷ்டே."

அஷ்டே. அவ்வளவுதானாம். இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு சொல்.

கவுன்சிலர் ஸ்மிதா மேடம். முப்பது வயது இருக்கும். பட்டாம்பூச்சி அட்டை போட்ட நோட்டு ஒன்று கொடுத்தார். பயம் எங்கே ஆரம்பித்தது என்று தினமும் எழுத வேண்டுமாம், சேர்ந்து படிக்கலாமாம். அந்த நோட்டில் எழுத வேண்டியதை அதில் எழுதுவேன். இது மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய டைரி. தேதியை அடித்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். தமிழில் எழுதினால் போதும், பூட்டு வேண்டாம். என் வீட்டுக்காரர், இவர், மைசூரிலேயே பிறந்து கன்னடம் படித்தவர், தமிழ் எழுத்து தெரியாது. மகள் கவிதாவுக்குப் பேசவே தடுமாறும். நான் ஒருத்திதான் ஹனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழோடு இந்த வீட்டுக்கு வந்தவள்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் கொஞ்சம். மார்க்கெட்: பீன்ஸ், நூக்கல், வெற்றிலை, இவருக்குச் சளி மாத்திரை.

பஸ்ஸில் கண்டக்டர் விடாமல், "ஸ்கேன் மாடி, ஸ்கேன் மாடி." போனில் ஸ்கேன் பண்ணிக் காசு கொடு என்கிறான். என் பக்கத்து சீட்டுப் பெரியவர் ரூபாய் நோட்டை நீட்டினார். கண்டக்டர் அதை அழுக்குத் துணி போல இரண்டு விரலால் வாங்கினான். பெரியவர் தலை குனிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்து நான்தானே நோட்டு நீட்டணும்.

வீட்டில் இவர் என் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில். "உங்க அக்காவை இப்போ டாக்டரே பார்க்கிறாங்க. கம்ப்யூட்டரைப் பார்த்தா வாந்தி வருதாம்!" ஊரிலிருந்து தங்கை சிரிக்கிறாள்: "அவளுக்கு போனே எடுக்கத் தெரியாதுங்க மச்சான், இதுல கம்ப்யூட்டரு வேறயா."

என்னைப் பார்த்ததும் குரல் மாறியது. "பிடு ருக்கு, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்." இந்தப் 'பிடு', இந்த 'விடு', பதினாறு வருஷமாகக் கேட்கிறேன். பேங்க் அவர், கேஸ் புக்கிங் அவர், டிக்கெட் அவர். கவிதாவோடு வீடியோவில் பேச வேண்டுமென்றாலும் அவர் அழுத்திக் கொடுக்க வேண்டும், அவர் முகம் பாதித் திரையில்.

உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு எது பயம், எது பயமில்லை.

பயமில்லாதவை: மானிட்டர். சிரிஞ்ச் பம்ப். வெண்டிலேட்டர் (புது டாக்டர்களுக்கே நான்தான் காட்டிக்கொடுக்கிறேன்). நெஞ்சில் ஷாக் வைக்கும் மெஷின். ஸ்கூட்டர். கிரைண்டர்.

பயப்படுபவை: வார்டு கம்ப்யூட்டர். ஏ.டி.எம். இவருடைய போன். ஆதார் ஆபீஸில் விரல் வைக்கிற கண்ணாடி.

மெஷினுக்குத்தான் பயம் என்றால் முதல் பட்டியல் எப்படி? பிடிபடவில்லை. குக்கர் மூன்று விசில் ஆகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

முதல் அமர்வு. ஏ.சி. அறை, சுவரில் கூழாங்கல் படம். மேடம் பேசுவது கன்னடம். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"சின்ன வயசுல ஏதாவது மெஷின் ஞாபகம் வருதா சிஸ்டர்?"

ரேடியோவைச் சொன்னேன். பொய் இல்லை, நடந்ததுதான். எனக்கு எட்டு வயது. அப்பா மாட்டை விற்றுவிட்டு வாங்கிவந்த ரேடியோ. குமிழைத் திருகினேன். பாட்டு நின்றுபோயிற்று. அப்பா கேட்டார், "எவ தொட்டவ?" நான் உடனே, "நாந்தானுங்க" என்றேன். சாட்டைக் குச்சியால் புறங்கையில் ஆறு அடி. மறுநாள் பேட்டரி மாற்றினார்கள், ரேடியோ பாடியது. பேட்டரி தீர்ந்துதான் நின்றதாம். அடித்ததைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா பாட்டுக் கேட்டபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, இதுதான் வேர்! தொட்டா கெட்டுப்போகும், தொட்டா அடி விழும். உங்க கை இன்னும் அந்த எட்டு வயசுக் கை." வேகமாக எழுதினார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடி 'நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' பத்து முறை.

பத்து முறை சொன்னேன். வியாதி ஒன்றாக இருக்க, மருந்து வேறாகக் கொடுத்து, நோயாளி நன்றி சொல்லிவிட்டுப் போவாரே, அப்படி வெளியே வந்தேன். பணிவாக. ஆனால் மேடம் சொன்னது முழுத் தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 14, சனி

ஸ்டெல்லாவோடு பயிற்சி. மார்டள்ளிப் பெண், எங்கள் ஹனூர்ப் பக்கம். வார்டில் என்னோடு தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்தி. சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்றாவது படுக்கைக்கு ஊசி போடும்போது கை நடுங்கி என்னைத் தேடியவள், இன்று எனக்கு வாத்தியார். மத்தியானம் நோயாளிகள் தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம்.

முதலில் வெறும் பக்கம் திறந்து கொடுத்தாள். "ஏதாச்சும் அடிங்கக்கா." அடித்தேன். கொள்ளேகாலில் டைப்பிங் லோயர் பாஸ் பண்ணியவள் நான், விரல்கள் மறக்கவில்லை. நாலு வரி, ஒரு பிழை. ஸ்டெல்லா கண்ணை விரித்தாள். "என்னங்கக்கா, எங்களைவிட வேகமா அடிக்கிறீங்க!"

பிறகு வார்டு பக்கத்தைத் திறந்தாள். இரண்டு கட்டம். கை மடியில் விழுந்துவிட்டது. தூக்க முடியவில்லை. பக்கவாதம் வந்தவர் கை போல.

அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு கம்ப்யூட்டரு பயமில்லீங்க. உங்க பேரு போடுற எடத்துலதான் நிக்கிறீங்க."

இருபத்து மூன்று வயது. எந்த சர்ட்டிஃபிகேட்டும் இல்லாமல் சொல்லிவிட்டாள்.

அதுதான். மானிட்டர் என் பெயரைக் கேட்பதில்லை. கிரைண்டர் நான் யாரென்று எழுதி வைத்துக்கொள்வதில்லை. இரண்டாவது பட்டியலில் இருப்பதெல்லாம் நான் யாரென்று கேட்டு, எழுதிவைத்து, பிறகு என் மேலேயே சாட்சி சொல்பவை.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல மழை. இவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். சாயந்திரம்தான் வருவார். இன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

பதினாறு வருஷம் முன்னால். கவிதா எட்டாம் வகுப்பு. வார்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம். அப்போது எனக்குப் பயமே கிடையாது. டைப்பிங் தெரியும் என்று முதலில் பாஸ்வேர்டு கொடுத்ததே எனக்குத்தான். பெருமையாக இருந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

பதினோராவது படுக்கையில் ஒரு வயதான அம்மா. சர்க்கரை வியாதி, காலில் புண். காலை ரவுண்ட்ஸ் முடிந்து ரத்த ரிப்போர்ட் பார்ப்பதற்காக என் பெயர் போட்டுத் திறந்தேன். அதற்குள் ஒன்பதாவது படுக்கையில் டிரிப் கழன்று கை வீங்குகிறது என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன். டாக்டர் பி. பக்கத்தில் நின்றார். அப்போது சின்ன டாக்டர். "அப்படியே திறந்து வைங்க சிஸ்டர், நான் ஆர்டர் போட்டுடறேன். என் லாகின் இன்னும் வரலை." நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். ஒன்பதாவது படுக்கையிலிருந்து பார்த்தேன்: இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், யாரிடமோ சிரிப்பு, வலது கையால் டைப்.

ரவுண்ட்ஸில் அவர் வாயால் சொன்னது இன்சுலின் நாலு. திரையில் ஏறியது நாற்பது.

இரண்டரைக்கு என் டியூட்டி முடிந்தது. சாயந்திர நர்ஸ் வேலைக்குப் புதிது. திரையில் இருந்ததை அப்படியே போட்டாள். மறுநாள் காலை அந்த அம்மாவுக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

விசாரணை. ஒரு தாளை அச்சடித்து என் முன்னால் வைத்தார்கள். பதிவு செய்தவர்: ருக்மிணி. நான் ஒன்பதாவது படுக்கையில் இருந்தேன் என்றேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சிஸ்டர்" என்றார் ஒருவர். டாக்டர் பி. அதே அறையில்தான் இருந்தார், மேஜையைப் பார்த்தபடி. ஒன்பதாவது படுக்கைக்காரர் டிஸ்சார்ஜ் ஆகி ஊர் போயாயிற்று. அப்போதிருந்த மேட்ரன் தோளில் கை வைத்துச் சொன்னார்: "கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்துடும்மா. விஷயம் முடிஞ்சிடும்."

எழுதிக் கொடுத்தேன். என் கையால். 'எவ தொட்டவ' என்று கேட்டதும் 'நாந்தானுங்க' என்ற அதே பிள்ளை. ஸ்மிதா மேடம் இங்கே வந்திருந்தால் சரியான இடத்துக்கு வந்திருப்பார்.

மூன்று மாதம் சஸ்பென்ஷன். வீட்டில் இருந்தேன். இவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ ஏதாவது அழுத்தியிருப்பே ருக்கு. உனக்கே தெரியாம." அன்றிலிருந்துதான் போனும் கார்டும் அவர் கைக்குப் போயின. நானும் கொடுத்துவிட்டேன்.

அதைவிட மோசம் ஒன்று. யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பூஜ்யத்தை நானே அழுத்துவது போல ஒரு காட்சி வர ஆரம்பித்தது. என் விரல், என் நகம், என் மோதிரம். நடக்கவில்லை என்று தெரியும். தொண்ணூறு பங்கு தெரியும். மிச்சம் பத்துப் பங்குதான் அந்தக் கட்டத்தின் முன்னால் உட்காரும்போது வாந்தியாக வருகிறது. பெட்டியிடம் எனக்கு என்ன பயம். அது 'நீதான்' என்றால் நானே நம்பிவிடுவேனோ என்றுதான்.

கேட் சத்தம். மூடுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாவது அமர்வு. சொல்லிவிட்டேன். எல்லாம். சொல்லும்போது அழவில்லை. குரல் நோட்டீஸ் படிப்பது போல இருந்தது.

மேடம் முதலில் கவனமாகத்தான் கேட்டார். கண்ணில் ஈரம்கூட வந்தது. "யார் அந்த டாக்டர்?" என்றார். சொன்னேன்.

பேனாவை மூடினார். அந்தச் சின்ன 'டிக்' சத்தம்.

டாக்டர் பி. இப்போது மெடிக்கல் டைரக்டர். புது சாஃப்ட்வேர் அவருடைய திட்டம். ஸ்மிதா மேடத்தின் வேலை வருஷா வருஷம் அவர் கையெழுத்தில் புதுப்பிக்கப்படுவது.

"சிஸ்டர், அது நிர்வாக விஷயம். நம்ம கவனம் உங்க உணர்ச்சி மேலே இருக்கட்டும். ரேடியோவுக்குத் திரும்பலாமா?"

திரும்பினோம். அப்பாவை மன்னிக்கச் சொன்னார். அப்பா செத்துப் பதினோரு வருஷம். அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். அவர் பாவம், அடிக்கும்போது தான் அடிப்பதாக ஒப்புக்கொண்டே அடித்தவர்.

திரும்பும் வழியில் இட்லி மாவு. மழைக்கோட் பட்டன் ஒன்று தொலைந்தது.

ஜூன் 20, வெள்ளி

வார்டில் புது சாஃப்ட்வேர் வெள்ளோட்டம். பதினோரு மணி இருக்கும். ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் சர்க்கரை அளவு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆறாவது படுக்கை அம்மா பெட்பேன் கேட்டார். எழுந்தாள். பக்கத்தில் நின்ற ஜூனியர் டாக்டர், நல்ல பையன்தான், அவசரத்தில்: "திறந்தே இருக்கட்டும் ஸ்டெல்லா, நான் ரெண்டு ஆர்டர் போட்டுக்கிறேன். என் பாஸ்வேர்டு லாக் ஆயிடுச்சு."

ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துவிட்டாள். அதே மாதிரி. பணிவாக.

நான் மருந்து டிராலியை விட்டுவிட்டு எப்படி அங்கே போனேன் தெரியாது. அவர் உட்காரும் முன் குனிந்து மவுஸைப் பிடித்து வெளியே வரும் பட்டனை அழுத்தினேன். திரை மூடிக்கொண்டது. பதினாறு வருஷத்தில் வார்டு பக்கத்தில் நான் செய்த முதல் காரியம்.

"என்ன சிஸ்டர் இது? நோயாளிக்கு ஆர்டர் போட வேண்டாமா?"

"போடுங்க டாக்டர். உங்க பேருல போடுங்க. அது வர்ற வரைக்கும் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"டயம் இல்லை."

"அந்தப் பெண்ணுக்கு இன்னும் முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ் இருக்குது டாக்டர்."

குரல் உயர்ந்துவிட்டது. ஆறாவது படுக்கை அம்மா பெட்பேனில் இருந்தபடியே பார்த்தார். டாக்டர் முகம் சிவந்து போய்விட்டார். எனக்கு வாந்தி வரவில்லை. அதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 21, சனி

மேகமூட்டம். சாமுண்டி மலை தெரியவில்லை.

மெடிக்கல் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். பெரிய அறை. எதிரில் உட்காரச் சொன்னார், மரியாதையாக. டாக்டர் பி.க்கு முடி நரைத்து அழகாக இருக்கிறார்.

"ரொம்ப நல்ல பேர் உங்களுக்கு சிஸ்டர். ஆனா டாக்டரை நோயாளி முன்னாடி இப்படிப் பேசலாமா?"

"பாஸ்வேர்டைத் திறந்து விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் டாக்டர். உங்களுக்கும் தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. நான் பதினோராவது படுக்கை என்றேன். நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஞாபகம் வந்துவிட்ட சந்தோஷத்தோடு, "ஓ, அந்தக் கேஸா! அது சாஃப்ட்வேர் எர்ரர் அல்லவா? பழைய சிஸ்டம் ஒரு பூஜ்யம் கூடச் சேர்த்துடுச்சு. ஆடிட்காரங்களுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். என் பேச்சுலேயே இதை உதாரணமாச் சொல்றேனே. அதனாலதானே புதுசு கொண்டு வர்றோம்."

"அப்ப நான் எழுதிக் கொடுத்த லெட்டர்?"

"எந்த லெட்டர்? நீங்க எதுக்கு எழுதினீங்க?"

என்னிடம் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார்கள். வெளியாரிடம் கம்ப்யூட்டர்தான் பொய் சொன்னது என்றிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பூஜ்யம். நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டும் இரண்டிலும் இல்லை.

"டாக்டர், அன்னிக்கு நாற்காலியில உட்கார்ந்தது நீங்க. இடது தோளில போன் வெச்சுப் பேசிக்கிட்டே அடிச்சீங்க. நான் ஒன்பதாவது படுக்கையிலேர்ந்து பார்த்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "சிஸ்டர், உங்களுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார், மெதுவாக. கை லேசாக நடுங்கியது. நான் நர்ஸ். நடுக்கம் எனக்குத் தெரியும்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்துப் பங்கு இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. சந்தோஷமும் இல்லை. பல் பிடுங்கிய பிறகு நாக்கு துழாவுமே, அது மாதிரி.

ஜூன் 24, செவ்வாய்

என் மேல் புகார். டாக்டரை அவமதித்தேன், சிகிச்சைக்கு இடையூறு செய்தேன். சாட்சி இரண்டு பேர். ஒரு கையெழுத்து ஸ்டெல்லாவுடையது.

துணி மாற்றும் அறையில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாண்டு இருக்குதுங்கக்கா. சர்ட்டிஃபிகேட்டெல்லாம் அவுங்ககிட்ட. மேட்ரன் எழுதியே வெச்சிருந்தாங்க. கையெழுத்து மட்டும் போடுன்னாங்க."

"படிச்சுப் பார்த்தியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்காகத்தானே. அப்புறம் என் கையெழுத்து ஞாபகம் வந்தது. நானும் படித்தா போட்டேன்? 'கவனக்குறைவால்' என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு உயிர் இருக்கிறதென்று தெரிந்தா எழுதினேன்? அந்தச் சாயந்திர நர்ஸ் எங்கே இருக்கிறாளோ. அவளுக்கும் ஏதோ ஒரு பயம் இருக்கும், அவளையும் ஏதோ ஒரு மேடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"போ. மூணு மணி மருந்து நேரம்" என்றேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் பொய்.

இன்று இவரிடமும் கேட்டேன். அவரிடம் இருந்த என் போனை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் ஏதாவது அழுத்தியிருப்பேன்னு சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா?"

"எப்போ?"

"அழுத்தினது டாக்டர். இப்போ அது கம்ப்யூட்டர் தப்பாம்."

டி.வி. சத்தத்தைக் குறைத்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "சரி பிடு, பழைய கதை" என்றார். சத்தத்தைக் கூட்டினார். இந்த வீட்டில் இனிமேல் என் பேங்க் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கும். அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

தேர்வு. இருபது நிமிஷம் கொடுத்தார்கள், பதினான்கில் முடித்தேன். பெயர் போடும் இடத்தில் கை நின்றது. இரண்டு மூச்சு. பிறகு எழுத்து எழுத்தாக அடித்தேன், ஆணி அடிப்பது மாதிரி. பயம் போகவில்லை. அதற்கு மேலே வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்மிதா மேடம் கட்டிக்கொண்டார். "ரெண்டே அமர்வு சிஸ்டர்! நீங்கதான் என் வெற்றிக் கதை." அவருடைய அறிக்கையை நான் பார்க்கக் கொடுத்தார். காரணம்: சிறு வயது அனுபவம், கண்டிப்பான தந்தை. ஒரு வரிகூட வேறு இல்லை. "உங்க நல்லதுக்குத்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இருக்கலாம்.

நாலு மணிக்கு மாற்றல் உத்தரவு. ஒழுங்குக் குறைவு காரணமாக ஜூலை ஒன்று முதல் சி.எஸ்.எஸ்.டி. தேறினாலும் அங்கேதான், தேறாவிட்டாலும் அங்கேதான். நன்றாகச் சிரித்தேன், ஸ்கூட்டர் ஸ்டாண்டில் தனியாக. வாட்ச்மேன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஜூன் 30, திங்கள்

பிசுபிசுவென்று மழை. வார்டில் கடைசி நாள். சாவிக்கொத்து ஒப்படைத்தாயிற்று. லாக்கரில் இருந்தவை: செருப்பு, சீப்பு, கவிதா எல்.கே.ஜி. போட்டோ, காலாவதியான தைலம்.

மத்தியானம் விளம்பரப் பிரிவிலிருந்து பூர்ணிமா என்று ஒரு பெண் வந்தாள். நாளை திறப்பு விழாவில் போட்டுக்காட்ட வீடியோ வேண்டுமாம். 'கம்ப்யூட்டர் பயத்தை வென்ற சீனியர் சிஸ்டர்.' ஒரு பிரிவு தண்டனை கொடுத்தது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சரி என்றேன்.

காலரில் மைக் குத்தினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். கன்னடத்தில் கேட்டாள்: "சொல்லுங்க மேடம், உங்க பயம் எங்கேயிருந்து வந்தது?"

கன்னடத்திலேயே சொன்னேன். பதினோராவது படுக்கை. நாலு, நாற்பது. யார் பெயர், யார் விரல். தாள். லெட்டர். ஏழு நிமிஷம் ஓடியிருக்கும். அவள் நிறுத்தவில்லை. போனைப் பிடித்த கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

முடித்ததும் போனை மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்த அம்மா பேர் என்ன மேடம்?"

விசாரணையில் யாரும் கேட்கவில்லை. ஸ்மிதா மேடம் கேட்கவில்லை. டாக்டர் பி.க்கு அது ஒரு கேஸ். பதினைந்து நாளாக நானும் இந்த டைரியில் படுக்கை நம்பர்தான் எழுதியிருக்கிறேன்.

"புட்டதாயம்மா. நரசீபுரம் பக்கம். டீயில சர்க்கரை கேட்டு என்கிட்ட சண்டை போடுவாங்க."

தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், இதைப் போட விடமாட்டாங்க. என் போன்ல இருந்தாலே எனக்குப் பிரச்சினை."

"தெரியும்மா."

"அழிச்சிடட்டுமா?"

"உன் போன். உன் இஷ்டம்."

அழித்தாள். என் கண் முன்னாலேயே. அழித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள், நான் நம்பவேண்டும் என்று. பிறகு மெதுவாக, வேறு ஏதாவது சொல்ல முடியுமா, இரண்டு நிமிஷம் போதும், சந்தோஷமாக, என்றாள்.

மைக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

காலரில் அது குத்திய இடத்தில் நூல் விட்டிருக்கிறது. நாளை ஏழு மணி டியூட்டி. இப்போதே தைத்துவிட வேண்டும்.